வாசகர் கேள்வி – பதில்: குறட்டையும் வீட்டு வைத்தியமும்

கேள்வி: என் கணவருக்கு 51 வயது. பல ஆண்டுகளாகவே குறட்டை விடுகிறார். உடல் எடை கூடிய பிறகு, அடுத்த அறையில் படுத்தாலும் கேட்கும் அளவுக்குச் சத்தம் பெருகிவிட்டது. தேன் சாப்பிடுவது, ஆவி பிடிப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது என்று கேள்விப்பட்ட எல்லாவற்றையும் செய்து பார்த்தோம், எதுவும் பலிக்கவில்லை. அவரோ தான் குறட்டையே விடுவதில்லை என்கிறார். வீட்டிலேயே செய்யக்கூடிய வழி ஏதேனும் உண்டா?

பதில்: முதலில் அவருடைய மறுப்பைப் பார்ப்போம். அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் கேட்கும் அந்தச் சத்தம் அவர் ஒருவருக்கு மட்டும் கேட்பதில்லை. ஆகவே குறட்டைக்குச் சாட்சி எப்போதும் பக்கத்தில் விழித்துக் கிடப்பவர்தான். இரண்டு மூன்று இரவுகள் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து வையுங்கள். அவரை வாதத்தில் வெல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பதிவில் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

உறங்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் தளர்கின்றன. விழித்திருக்கும் வரை மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருந்த மெல்லண்ணம், உள்நாக்கு, அடிநாக்கு, தொண்டைச் சுவர் ஆகியவை துவண்டு, பாதையைக் குறுக்குகின்றன. குறுகிய வழியில் அதே அளவு காற்று போக வேண்டுமானால் அது வேகமாகப் போயாக வேண்டும். அந்த வேகத்தில், கொடியில் காயும் துணி காற்றில் படபடப்பது போல, துவண்ட சதை அடித்துக்கொள்கிறது. நமக்குக் கேட்பது அந்த அதிர்வின் ஓசையே.

நீங்கள் செய்து பார்த்தவை ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதுவே காரணம். தேன் தொண்டைக் கரகரப்பைச் சிறிது நேரம் தணிக்கும். ஆனால் தளர்ந்த தசையை அது இறுக்கிவிடாது. ஆவி பிடிப்பது சளியால் மூக்கடைத்திருக்கும் நாளில் இதமாக இருக்கும், மற்ற நாட்களில் அதற்கு இங்கே வேலையில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து உடல் வெந்துபோகும் ஆபத்தும் அதில் உண்டு. மூக்கில் எண்ணெய் விடுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடச் சொல்வேன். இரவில் படுத்த நிலையில் தொடர்ந்து விடப்படும் எண்ணெய் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நுரையீரலில் தேங்கி, ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கக்கூடும்.

பலன் தரக்கூடிய வழிகளில் எளியது படுக்கும் நிலையை மாற்றுவது. மல்லாந்து படுக்கும்போது தளர்ந்த நாக்கு தன் எடையாலேயே தொண்டையை நோக்கிச் சரிகிறது. ஒருக்களித்துப் படுத்தால் அது பக்கவாட்டில் விழுவதால் பாதை அவ்வளவு அடைபடுவதில்லை. ஒருக்களித்துப் படுப்பவர் தூக்கத்தில் தன்னையறியாமல் புரண்டு மல்லாந்துவிடுவார் என்பதுதான் சிக்கல். அதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது: பனியனின் முதுகுப்புறத்தில் ஒரு பை தைத்து, அதில் ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டு மூடிவிட வேண்டும். புரளும்போதெல்லாம் பந்து முதுகில் அழுத்தும்; அவர் விழிக்காமலேயே மீண்டும் ஒருக்களிப்பார். கேலிக்குரியதாகத் தோன்றினாலும், மல்லாந்து படுக்கும்போது மட்டும் குறட்டை விடுபவர்களுக்கு இது நன்றாகவே உதவுகிறது. பந்து பிடிக்காதவர்கள் முதுகுக்குப் பின்னால் நீளமான தலையணை ஒன்றை அணைத்து வைத்துக்கொள்ளலாம். தலைப்பக்கத்தை உயர்த்துவதும் சிலருக்கு உதவும். ஆனால் தலையணைமேல் தலையணையை அடுக்கினால் கழுத்து முன்னால் மடங்கிப் பாதை மேலும் குறுகும் என்பதால், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர்த்துவதே சரியான முறை.

அடுத்தது மது. அது ஏற்கெனவே தளரும் தசைகளை இன்னும் தளர்த்துகிறது. குடிப்பழக்கம் இருந்தால், படுப்பதற்கு முந்தைய நான்கு மணி நேரத்திலாவது அதைத் தொடக்கூடாது. தூக்க மாத்திரைகளும், மயக்கம் தரும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யக்கூடும். மருத்துவர் எழுதிக்கொடுத்தவற்றைத் தானாக நிறுத்தாமல், குறட்டை இருப்பதை அவரிடம் சொல்லி மாற்று கேட்க வேண்டும். புகைப்பழக்கம் தொண்டையின் உட்பரப்பைத் தொடர்ந்து வீங்க வைக்கிறது. பல நாள் தூக்கம் கெட்ட பிறகு வரும் அயர்ந்த தூக்கத்திலும் குறட்டை அதிகமாகும். போதிய நேரம் உறங்குவதையும் ஒரு மருந்தாகவே எண்ணிக்கொள்ளலாம்.

எடையைப் பற்றி நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். கழுத்தைச் சுற்றியும் நாக்கிலும் சேரும் கொழுப்பு மூச்சுப்பாதையை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் நெருக்குகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஏறத்தாழ 690 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, உடல் எடையில் 10 விழுக்காடு குறைந்தவர்களுக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடுவது சுமார் 26 விழுக்காடு குறைவதாகவும், 10 விழுக்காடு கூடியவர்களுக்கு அது சுமார் 32 விழுக்காடு கூடுவதாகவும் கணக்கிட்டது. 90 கிலோ எடையுள்ளவருக்கு 10 விழுக்காடு என்பது 9 கிலோ. ஒரு மாதத்தில் ஆகிற காரியம் இல்லை என்றாலும், எட்ட முடியாத இலக்கும் இல்லை.

இப்போது ஒலிப்பதிவுக்கு வருவோம். சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைவிட, அது எங்கே நிற்கிறது என்பதைக் கேளுங்கள். குறட்டை ஏறிக்கொண்டே வந்து, சட்டென்று அடங்கி, பத்து நொடிக்கும் மேலாக மூச்சுச் சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு ஒரு பெருமூச்சு வெடித்துக் கிளம்பினால், அது வெறும் குறட்டை அன்று. ‘ஸ்லீப் ஆப்னியா’ எனப்படும் உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் இப்படி மூச்சு தடைபட்டால் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். முப்பதைத் தாண்டினால் அது தீவிர நிலை. காலையில் தலைவலியும் வாய் வறட்சியும், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குதல், மாத்திரை சாப்பிட்டும் அடங்காத ரத்த அழுத்தம், ஆண்களுக்கு 43 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 41 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு ஆகியவை அந்த ஐயத்தை வலுப்படுத்தும். வண்டி ஓட்டும்போது அவருக்குக் கண் சொக்குகிறது என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த நிலையில் டென்னிஸ் பந்தை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. உறக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதை மருத்துவமனையில் ஓர் இரவு தங்கியும், பலருக்குச் சிறிய கருவியை மாட்டிக்கொண்டு வீட்டிலேயேயும் செய்யலாம். முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் ‘சிபாப்’ கருவியைப் பரிந்துரைத்தால் அவர் மிரளக்கூடும். 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இந்த முறையை உலகுக்கு அறிவித்தபோது இருந்த இரைச்சல் மிகுந்த, பருத்த கருவிக்கும் இன்று தலைமாட்டில் அடங்கும் கருவிக்கும் ஒப்பீடே கிடையாது என்று அவருக்குச் சொல்லுங்கள். மூச்சுத்தடை மிதமாக இருந்தால், கீழ்த்தாடையைச் சற்று முன்னால் நிறுத்தி வைக்கும் பல்செட் போன்ற சாதனத்தைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார்.

கேள்வி: எனக்கு 27 வயது, ஒல்லியான உடம்பு, மது, புகை எதுவும் இல்லை. இருந்தும் குறட்டை விடுவதாக அறை நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு எப்போதும் மூக்கடைப்பு உண்டு. ஒரு மாதமாக ஒவ்வோர் இரவும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறேன். முதலில் நன்றாக இருந்தது, இப்போது அடைப்பு முன்னைவிட மோசமாக இருக்கிறது.

பதில்: உங்கள் அடைப்பை இப்போது வளர்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்தச் சொட்டு மருந்தாகவே இருக்கும். மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வழிவிடும் அவ்வகை மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் இறங்கியதும் சதை முன்பைவிட அதிகமாக வீங்குகிறது. வீக்கத்துக்கு மீண்டும் சொட்டு, சொட்டுக்குப் பின் மீண்டும் வீக்கம் என்று அது சுழலும். நிறுத்தினால் சில நாட்கள் கடுமையாக இருக்கும், பிறகு தணியும். தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் வேறு வகை ஸ்பிரே கேட்கலாம்.

அதற்கு இடையில் உப்புநீரால் மூக்கைக் கழுவுங்கள். கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு போதும். நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். குழாய்நீரை அப்படியே மூக்கில் விட்டால், அதில் அரிதாக இருக்கக்கூடிய அமீபா ஒன்று மூக்கு வழியாக மூளைக்கு ஏறி உயிரையே பறிக்கக்கூடும்.

ஒரு சிறு சோதனையும் செய்து பாருங்கள். மூக்கின் பக்கத்திலுள்ள கன்னத்தை விரலால் வெளிப்புறமாக மெல்ல இழுத்துப் பிடித்து மூச்சை இழுங்கள். அப்போது மூச்சு எளிதாக ஓடினால், மூக்கின் வாசல் பகுதி குறுகலாக இருக்கிறது என்று பொருள். மூக்கின்மேல் ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் உங்களுக்குப் பலன் தரலாம். எந்த மாற்றமும் இல்லையென்றால் பட்டைக்குச் செலவழிக்க வேண்டாம்; நடுத்தண்டு வளைந்திருக்கிறதா, ஒவ்வாமையா, சதை வளர்ச்சியா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

கேள்வி: நாக்குப் பயிற்சி செய்தால் குறட்டை குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. பிரேசிலில் 39 பேரை வைத்துச் செய்து 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் குறட்டை விடும் தடவைகள் 36 விழுக்காடும், அதன் மொத்த ஒலி ஆற்றல் 59 விழுக்காடும் குறைந்தன. அதில் சேர்க்கப்பட்டவர்கள் வெறும் குறட்டையோ மிதமான மூச்சுத்தடையோ உள்ளவர்கள் என்பதை மறக்கக்கூடாது. பயிற்சிகள் எளியவை: நாக்கின் நுனியை மேலண்ணத்தில் அழுத்திப் பின்னோக்கி இழுத்தல், நாக்கு முழுவதையும் மேலண்ணத்தோடு உறிஞ்சி ஒட்டவைத்தல், நுனியைக் கீழ்ப்பற்களில் தொட்டபடி அடிநாக்கைக் கீழே அழுத்துதல், ‘ஆ’ என்று விட்டுவிட்டுச் சொல்லி உள்நாக்கை உயர்த்துதல். ஒவ்வொன்றும் இருபது முறை, நாள்தோறும் மூன்று வேளை. பல் துலக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. ஒரு வாரத்தில் விட்டுவிடுபவர்களே அதிகம் என்பதால், தொடங்குமுன் உங்கள் மனவுறுதியைக் கொஞ்சம் சோதித்துக்கொள்ளுங்கள்.

இசையில் நாட்டம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மரக்குழலான டிட்ஜெரிடூவை நான்கு மாதங்கள் ஊதிப் பழகியவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சுத்தடையும் குறைந்ததாகச் சுவிட்சர்லாந்தில் 25 பேரிடம் செய்த ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. அதற்கு 2017-இல் சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் இக் நோபல் பரிசு, அதுவும் அமைதிக்கான பிரிவில் கிடைத்தது. பக்கத்தில் படுப்பவரின் அமைதியை எண்ணிக் கொடுத்திருக்கலாம். பகலில் அந்தக் குழலோசையைக் கேட்டவர்களின் கருத்து வேறாக இருக்கக்கூடும்.

கேள்வி: ஐந்து வயது மகன் தினமும் குறட்டை விடுகிறான்; வாயைத் திறந்தபடியே தூங்குகிறான். வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம், வீட்டு வைத்தியமும் வேண்டாம். சளி பிடித்த சில நாட்களில் மட்டும் வரும் குறட்டைக்குப் பொருளில்லை. தினமும் குறட்டை விடும் குழந்தைக்கு டான்சிலோ மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையோ வீங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். இரவில் சரியாக உறங்காத குழந்தை, பெரியவர்களைப் போலப் பகலில் தூங்கி வழியாமல், துறுதுறுப்பாகவும் கவனமில்லாமலும் எரிச்சலாகவும் இருக்கும். அதைக் குறும்பு என்று நினைத்துக் கண்டித்துவிடுகிறோம். நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கியிருந்தால் அதையும் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பிணி நான். இதற்கு முன் இல்லாத குறட்டை இப்போது வருகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: கர்ப்ப காலத்தில் மூக்கின் உட்சவ்வு வீங்குவதும் எடை கூடுவதும் இயல்பு, பலருக்கு அதனால் குறட்டை வந்து, பேறுக்குப் பின் தானே போய்விடுகிறது. ஆனால் இந்தக் காலத்தில் புதிதாகத் தொடங்கும் குறட்டைக்கும் கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு காணப்பட்டிருப்பதால், அடுத்த பரிசோதனையில் தவறாமல் இதைச் சொல்லுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது இப்போதைக்கு உதவும்.

கேள்வி: இரவில் வாயில் டேப் ஒட்டிக்கொண்டு படுத்தால் குறட்டை வராது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். முயலலாமா?

பதில்: வேண்டாம். வாயைத் திறந்து உறங்குபவர்களில் பலர், மூக்கு வழி போதாததால்தான் அப்படி உறங்குகிறார்கள். இருக்கும் ஒரே வழியை அடைத்துவிட்டுப் படுப்பது ஆபத்தானது. நள்ளிரவில் குமட்டல் வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். விழித்திருக்கும்போதே வாயை மூடிக்கொண்டு சில நிமிடங்கள் மூக்கால் மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். சிரமமாக இருந்தால் டேப்பை அலமாரியில் வைத்துவிட்டு, மூக்கு ஏன் அடைத்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.