பாஸ்டர் வீட்டுப் பர்ஸும் சபைக் காணிக்கைப் பையும் ஒண்ணா கிடந்தா

கேள்வி: சார், நாங்க சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். எங்க வீட்டுக்காரர் பாஸ்டர், பிஷப்புக்குக் கீழ வர்ற டயோசிஸ் எல்லாம் இல்ல, தனி சபை, 55 குடும்பம் வருவாங்க. அவருக்கு 41 வயசு, எனக்கு 35. பையன் எட்டாவது படிக்கான், பொண்ணுக்கு 8 வயசு. சபைக்குப் பின்னாடியே சபை வீட்டுல இருக்கோம். காணிக்கை, தசமபாகம் எல்லாம் சேர்ந்து மாசம் 21,000 வரும், மாசக் கடைசில ஒண்ணும் நிக்காது. சபைக்குத் தகரம் மாத்துறதுக்கு என் செயினை 85,000-க்கு அடகு வெச்சோம், இன்னும் திருப்பல. இப்ப சபையில ஒரு அண்ணன் 2 லட்சம் லோனுக்கு ஜாமீன் போடச் சொல்லுதாரு. இவர்ட்ட கேட்டா கர்த்தர் பாத்துக்குவாருங்காரு. நாங்க எதுல சேமிக்கணும்?

பதில்: பாஸ்டரம்மா, நீங்க கேள்வியோட அனுப்பின மூணு மாசச் செலவு நோட்டு போட்டோவை ரெண்டு தடவ படிச்சேன். எதுல சேமிக்கணும்ங்கிறது கடைசிக் கேள்வி, நோட்டுல இருக்கிற விஷயமே வேற. 12-ஆம் தேதி ராத்திரி மேலத்தெரு ஆச்சிய பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது பெட்ரோல் 300, ஹார்லிக்ஸ், ஆப்பிள், வார்டுல யாருக்கோ குடுத்தது 200. மறுநாள் ஒரு கல்யாண மொய் 500. அதுக்கு அடுத்த நாள் கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டினவருக்கு 400, ஏன்னா செத்தவங்க வீட்ல காசு இல்ல. அப்புறம் அசனப் பண்டிகை (சபையே சேர்ந்து சாப்பிடுற விருந்து) ஏலத்துல ஒரு பூசணிக்கா 1,100. (சிரிச்சுட்டேன், மன்னிக்கணும். ஏலம் சூடு பிடிக்கட்டும்னு பாஸ்டரே கேட்டு, கடைசில அவர் தலையிலயே விழுந்திருக்கும்.)

இப்படி பெட்ரோல் 3,200, சபை கரண்ட், மைக்செட் 1,400, அடுத்தவங்க கஷ்டத்துக்குக் குடுத்தது 3,900, ஆக மாசம் 8,500 போகுது. இது உங்க வீட்டுச் செலவே இல்ல, சபையோட செலவு, அதை உங்க அடுப்படிக் காசுல இருந்து பண்ணிட்டு இருக்கீங்க. வீட்டுக்கு வீடு ஒரு பிடி எடுத்து வெச்சுக் குடுக்கிற பிடி அரிசியில ரேஷன் அரிசியும் பொன்னியும் இட்லி அரிசியும் கலந்து வருது, ஒண்ணு வேகும்போது ஒண்ணு குழையுதுன்னு ஓரத்துல எழுதிருக்கீங்களே, உங்க கணக்கும் அப்படித்தான் கலந்து கிடக்கு.

அதனால சபையில மூத்தவங்க நாலு பேரை உக்கார வெச்சு நோட்டைக் காட்டச் சொல்லுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. 21,000-ல பாஸ்டருக்கு மாசம் 15,000-னு ஒரே தொகை, பெட்ரோலும் கரண்டும் 4,600 சபை குடுக்கணும், மிச்சம் 1,400 உதவி நிதி, அதுக்கு மேல தேவைப்பட்டா மாசத்துல ஒரு ஞாயிறு உதவிக்குன்னே தனியா பை எடுக்கலாம், ஆச்சிய ஆஸ்பத்திரி கொண்டு போறது 55 குடும்பத்துக்கும் பொறுப்புதானே, உங்க ஒரு வீட்டுக்கு மட்டுமா?

அப்புறம் சபைக் கதவுல ஒட்டியிருக்கிற கூகுள் பே க்யூஆர் பாஸ்டரோட சொந்த நம்பர்னு சொன்னீங்க, அதை முதல்ல கிழிங்க. சபையை டிரஸ்டா பதிவு பண்ணி அந்தப் பேர்ல பான் கார்டு, பேங்க் அக்கவுண்ட், ரெண்டு பேர் கையெழுத்து. இல்லேன்னா நாளைக்கு ஒருத்தன் கேட்டா வந்த அத்தனையும் அவர் சொந்த வருமானம்னு நிக்கும். மனசார குடுத்ததுக்கு வரி கிடையாதுன்னு நிறைய பாஸ்டர்மார் நினைக்காங்க. வேதாந்தம் சொல்லிக் குடுத்தவருக்கு சிஷ்யர் ஆசையா குடுத்த பணமும் அவர் தொழில்ல வந்த வருமானம்தான்னு 1950-கள்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. பயப்பட வேண்டாம், வருஷம் 1,80,000-க்கு வரி வராது, புது முறையில 4 லட்சம் வரைக்கும் வரியே இல்ல. ஆனாலும் வருமான வரி ரிட்டர்ன் போட்டு வைங்க, ஏன்னு கீழ சொல்றேன். தகரத்துக்கு வெளிநாட்டுக் காசு வருதுன்னா, துபாய்ல வேலை பாக்கிற நம்ம ஊர்ப் பையன் இந்திய பாஸ்போர்ட்டோட தன் சம்பளத்துல இருந்து பேங்க் வழியா அனுப்பினா பிரச்சனை இல்ல, அமெரிக்கக் குடியுரிமை வாங்கினவர் சபைக்கு அனுப்பினா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி இல்லாம தொடவே கூடாது.

இப்ப எனக்கு நிஜமாவே கவலையா இருக்கிற விஷயம். உங்க வீட்ல சம்பளமும் குடியிருக்கிற வீடும் ஒரே ஆள் மேல நிக்குது. எங்க பெரியப்பா உபதேசியாரா (ஊர்ச் சபையைப் பாத்துக்கிற ஊழியர்) இருந்தாரு, அவர் போன மூணாம் மாசம் பெரியம்மா சபை வீட்டைக் காலி பண்ணாங்க, புது உபதேசியார் குடும்பத்தோட வந்து நிக்கும்போது யாரைக் குத்தம் சொல்ல, பெரியம்மா கொண்டு வந்து இறக்கின ஆட்டுரல் இன்னும் எங்க முற்றத்துலதான் கிடக்கு. உங்க வீட்டுக்காரருக்கும் பிஎஃப் இல்ல, பென்ஷன் இல்ல, ராத்திரி நேரத்துல 120 கிலோமீட்டர் பைக்ல போயிட்டு வர்ற மனுஷன். அதனால அவர் பேர்ல 50 லட்சத்துக்கு டேர்ம் இன்சூரன்ஸ் (அவர் இறந்தா மட்டும் குடும்பத்துக்குக் காசு வர்ற பாலிசி), வேற எதுக்கும் முன்னாடி. வருமான ஆதாரம் கேப்பாங்க, ரிட்டர்ன் போடச் சொன்னது அதுக்குத்தான். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டி கிடையாது. சபையிலயே ஒரு ஏஜென்ட் இருப்பாரு, காசு திரும்ப வரும்னு வேற ஒண்ணை நீட்டுவாரு, சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னுருங்க. டேர்ம் கிடைக்கிற வரைக்கும் பேங்க்ல வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, ரெண்டு பேருமே இந்த வாரமே எழுதிக் குடுங்க.

அரசாங்கத்தோட அடல் பென்ஷன் திட்டத்துல 40 வயசு வரைக்கும்தான் சேர முடியும், அவருக்கு ஒரு வருஷம் தாண்டிருச்சு. உங்களுக்கு 35, மாசம் 902 கட்டினா 60 வயசுல இருந்து மாசம் 5,000, அதனால உங்க பேர்ல போடுங்க. பொண்ணுக்கு 10 வயசு ஆகுறதுக்குள்ள தபால் ஆபீஸ்ல செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஆரம்பிங்க, மாசம் 500 போதும். தமிழ்நாடு அரசு உபதேசியார்களுக்கும் சபைப் பணியாளர்களுக்கும் நல வாரியம் வெச்சிருக்கு, தென்காசி கலெக்டர் ஆபீஸ்ல சிறுபான்மையினர் நலப் பிரிவுல போய் இவரைச் சேத்துக்குவாங்களான்னு கேளுங்க. மிச்சம் பிடிக்கிறது எல்லாம் செயினுக்கு, அதுவும் நியாயமா சபைதான் திருப்பிக் குடுக்கணும், அடுத்த அசன ஏலக் காசுல அதுக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்க.

ஜாமீன் வேண்டாம். 1872 ஒப்பந்தச் சட்டப்படி கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு, பேங்க் அவரைத் தேடாம நேரா உங்க வாசலுக்கே வரலாம். அந்த அண்ணன் நல்லவராவே இருக்கட்டும், கட்டலேன்னா அவர் சபைக்கு வர்றதை நிறுத்திருவாரு, காசும் போகும் ஆளும் போயிரும். "என்கிட்ட சம்பளச் சீட்டு இல்ல, என் கையெழுத்து பேங்க்ல செல்லாது"ன்னு பாஸ்டரைச் சொல்லச் சொல்லுங்க, பொய்யும் இல்ல, முக்காவாசி உண்மைதான். சம்பளச் சீட்டு இல்லாத ஜாமீனை பேங்க் ஏத்துக்காமலும் போகலாம்.