பதினாறு வயதில் ‘அடுத்த கிளியரி’

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சிட்னி டூங்காபியில் இருக்கிறோம். மகனுக்கு 16 வயது. சின்ன வயதிலிருந்தே ரக்பி லீக் பைத்தியம், ஆட்டத்தை நடத்திச் செல்லும் ஹாஃப்பேக் இடத்தில் ஆடுகிறான். அடுத்த சீசனுக்கு ஒரு பெரிய கிளப்பின் ஹெரால்ட் மேத்யூஸ் இளையோர் அணியில் அவனை எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. என் கொழுந்தன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “அடுத்த நேதன் கிளியரி” என்று பென்ரித் அணியின் நட்சத்திர ஹாஃப்பேக் பெயரைப் போடுகிறார். என் கணவரோ, “இந்த வயதில் பிரமாதமாக ஆடுகிறவர்களில் எத்தனை பேர் கடைசியில் தேறுகிறார்கள்? பேசாமல் ட்யூஷனுக்கு அனுப்பு” என்கிறார். அவருக்கு மகன் டாக்டராக வேண்டும். ஒரு பிளேயர் மேனேஜர் வேறு போன் செய்து, வீட்டுக்கு வந்து பேசட்டுமா என்று கேட்கிறார். இந்த இளம் நட்சத்திரங்கள் பேசப்பட்ட அளவுக்கு வருகிறார்களா அக்கா? விடுவதா, தடுப்பதா?
(பெயர் வேண்டாம், டூங்காபி)

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

விடுங்கள், ஆடட்டும். அதே கையோடு, கொழுந்தனிடம் சொல்லி அந்த வாட்ஸ்அப் வரியையும் நிறுத்துங்கள். இரண்டும் எனக்கு ஒரே யோசனைதான். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. ரக்பி லீக்கின் உச்சத் தொடரான என்.ஆர்.எல்.லில் இப்போது 17 கிளப்கள். ஒவ்வொன்றிலும் முதன்மைக் குழுவில் 30 பேர். கூட்டிப் பார்த்தால் 510 இடங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பசிபிக் தீவுகள், பப்புவா நியூ கினி என்று எல்லா இடத்துப் பையன்களுக்கும், 18 வயதுக்காரருக்கும் 35 வயதுக்காரருக்கும் சேர்த்து அவ்வளவுதான் இருக்கிறது. உங்கள் மகன் இப்போது நிற்பது முதல் படியில். 17 வயதுக்குட்பட்ட ஹெரால்ட் மேத்யூஸ், அதற்கு மேல் 19 வயதுக்குட்பட்ட எஸ்.ஜி. பால், அப்புறம் 21 வயதுக்குட்பட்ட ஜெர்சி ஃப்ளெக், நியூ சவுத் வேல்ஸ் கப், அதற்கும் மேலேதான் ஃபர்ஸ்ட் கிரேடு, அதாவது என்.ஆர்.எல். ஆடும் அணி. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்ந்துகொண்டே போவார்கள். 2008 முதல் 2017 வரை 20 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு போட்டித் தொடர் நடத்தினார்கள், டிவியில்கூடக் காட்டினார்கள். அதில் கொடிகட்டிப் பறந்த எத்தனையோ பேர் ஃபர்ஸ்ட் கிரேடை எட்டவே இல்லை.

எட்டியவர்களின் கதையும் நேராகப் போவதில்லை. கொழுந்தன் கிளியரியின் பெயரைச் சொல்கிறார் அல்லவா? கிளியரியோடு இன்னொரு பையனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அவர் பெயர் லூக் புரூக்ஸ்.

புரூக்ஸ் 2013-ல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம் ஆடியபோது வயது 18. அவரும் ஹாஃப்பேக்தான். முதல் ஆட்டத்திலேயே ஆளை அசத்திவிட்டார். உடனே “அடுத்த ஆண்ட்ரூ ஜான்ஸ்” என்று பேச்சு கிளம்பியது. ஆண்ட்ரூ ஜான்ஸ் இந்த விளையாட்டு கண்ட மிகப் பெரிய ஹாஃப்பேக்குகளில் ஒருவர் என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மீசை அரும்பும் பையன் தலையில் அந்தப் பெயரை ஏற்றிவைத்தார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது? கிளப் தள்ளாடியது. பயிற்சியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், போனார்கள். அவர்களில் ஒருவர் ஐவான் கிளியரி, நேதனின் அப்பா. அவர் கையில் இருந்த 2018-ல்தான் புரூக்ஸ் மிக நன்றாக ஆடினார், அந்த ஆண்டின் சிறந்த ஹாஃப்பேக் என்ற டாலி எம் விருதையும் வாங்கினார். அந்த சீசன் முடிந்ததும் ஐவான் டைகர்ஸை விட்டு பென்ரித்துக்குப் போய்விட்டார், தன் மகனுக்குப் பயிற்சியாளராக.

புரூக்ஸ் டைகர்ஸுக்காக 200 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். சீசன் கடைசியில் முன்னணி அணிகள் மட்டும் மோதும் ஃபைனல்ஸில் ஒரே ஒரு ஆட்டம்கூட வாய்க்கவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் அவர் பெயர்தான் அடிபட்டது. 2024-ல் மேன்லிக்கு மாறினார், முதல் ஆண்டிலேயே ஃபைனல்ஸில் ஆடிவிட்டார். இப்போது சொல்லுங்கள், அவர் பேசப்பட்ட அளவுக்கு வந்தாரா, இல்லையா? இருநூறு ஆட்டம் ஃபர்ஸ்ட் கிரேடு ஆடிய மனிதரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அளவுகோலை அவரா வைத்துக்கொண்டார்? மற்றவர்கள் வைத்த அளவுகோல் அது.

நேதனுக்கு வாய்த்தது வேறு. அவரும் 18 வயதில், 2016-ல், பென்ரித்தில் தொடங்கினார். கூட ஆடியவர்களில் ஜரோம் லுவாய் போல ஜூனியர் அணிகளிலிருந்தே சேர்ந்து வளர்ந்தவர்கள் இருந்தார்கள். 2019-லிருந்து அப்பாவே பயிற்சியாளர். இவ்வளவு இருந்தும் 2020 இறுதிப்போட்டியில் என்ன ஆனது? மெல்பர்ன் ஸ்டார்முக்கு எதிராக அவர் கொடுத்த ஒரு பாஸை சுலியாசி வுனிவாலு நடுவில் பறித்துக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடி வரை ஓடி, பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து ட்ரை போட்டார். பென்ரித் 20-26 என்று தோற்றது. பெரிய ஆட்டம் என்றால் இவருக்குக் கை நடுங்கும் என்று பேசினார்கள். அப்போது அவருக்கு 22 வயது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து கோப்பையை வாங்கினார்கள், 2024 வரை தொடர்ந்து நான்கு முறை.

2023 இறுதிப்போட்டியை உங்கள் மகன் நிச்சயம் பார்த்திருப்பான். இரண்டாம் பாதியில் பிரிஸ்பேனின் எஸ்ரா மேம், 20 வயதுப் பையன், கால் மணி நேரத்துக்குள் மூன்று ட்ரை போட்டார். பிரிஸ்பேன் 24-8 என்று முன்னிலை. ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். லுவாய் காயத்தோடு வெளியே போயிருந்தார். நேதன் தன் 40 மீட்டர் கோட்டுக்குள்ளிருந்து ஒரு உதை உதைத்தார். பந்து எதிரணியின் 20 மீட்டருக்குள் தரையில் பட்டு ஓரக்கோட்டைத் தாண்டி உருண்டது. அப்படிப் போனால் பந்து மறுபடி உதைத்த அணிக்கே. கடைசி மூன்று நிமிடம் இருக்கும்போது அவரே இடைவெளியில் நுழைந்து ட்ரை போட, பென்ரித் 26-24 என்று ஜெயித்தது. திறமை மட்டும் போதும் என்றால் அன்றைய இரவு மேமுடையது. மூன்று வருடம் முன்னால் அதே மேடையில் தோற்று, அதைச் சுமந்துகொண்டே ஆடிப் பழகிய நிதானம் அன்று நேதனிடம் இருந்தது.

மேமின் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், தாய் என்ற முறையில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2024 அக்டோபரில் அவர் உரிமம் இல்லாமல், உடம்பில் போதைப்பொருளோடு கார் ஓட்டி விபத்து நடந்தது. ஒரு குழந்தைக்குக் காயம். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒன்பது ஆட்டங்கள் தடை, பிறகு திரும்ப ஆட வந்தார். இருபது வயதில் ஊரே தோளில் தூக்கிவைத்தால், இறக்கிவிட்டுக் கண்டிக்க ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

ஆக, என் கண்ணுக்குப் படும் எதிரி அவசரம்தான். பெயர் வைப்பதில் அவசரம், பெரிய ஒப்பந்தத்தில் அவசரம், உடம்பு முற்றுவதற்கு முன் இறக்கிவிடும் அவசரம். ஆஷ் டெய்லரைப் பாருங்கள். 2016-ல் கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம். சீக்கிரமே வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று பேப்பரில் வந்தது. அன்றிலிருந்து அவர் செய்த ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் அந்தத் தொகையை எழுதினார்கள். நடுவில் மனம் சோர்ந்து சில காலம் ஒதுங்கியிருந்தார். 2022-ல் இடுப்புக் காயத்தால் ஓய்வு பெற்றபோது வயது 27. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஜோசஃப் சுவாலியிக்காக 18 வயது நிறைந்தால்தான் ஆடலாம் என்ற விதிக்கே விலக்கு கொடுத்தார்கள். 2021-ல் 17 வயதில் இறங்கினார், ஐந்தே ஆட்டத்தில் பாதத்தில் காயம், அந்த சீசன் முடிந்தது. பிறகு பிரமாதமாக ஆடினார், அதை மறுக்க முடியாது. ஆனால் 21 வயதில் ரக்பி யூனியன் என்ற வேறு ஆட்டத்துக்கே போய்விட்டார்.

மறுபக்கம், யாரும் அவசரப்படாததால் தேறியவர்களும் இருக்கிறார்கள். ஜொனதன் தர்ஸ்டனைப் பல கிளப்கள் ஆள் சிறிசு என்று ஒதுக்கின. புல்டாக்ஸ் சேர்த்துக்கொண்டபோது சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அவர்தான் பின்னால் ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தை நான்கு முறை வாங்கினார். ஜரோம் ஹ்யூஸ் 2013-ல் முதல் ஆட்டம் ஆடி, மூன்று கிளப் மாறி, கடைசித் தடுப்பில் நிற்கும் ஃபுல்பேக்காக இருந்து 2019-ல் ஹாஃப்பேக் ஆகி, 30-ஐத் தொடும் நேரத்தில் 2024-ல் டாலி எம் பதக்கம் வாங்கினார். ஜேம்ஸ் டெடெஸ்கோவுக்கு 2012-ல் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் தசைநார் அறுந்தது. பத்து வருடம் கழித்து உலகக் கோப்பை வென்ற ஆஸ்திரேலிய அணிக்கு அவர்தான் கேப்டன்.

16 வயதில் சில பையன்களுக்கு ஆள் வளர்த்தி முடிந்தே போயிருக்கும், சிலருக்குத் தொடங்கியே இருக்காது. இந்த வயதில் எதிராளியை இடித்துத் தள்ளி ஜெயிக்கிறவன் 19-ல் தன் அளவுக்கு எல்லோரும் வளர்ந்து நிற்கும்போது திணறுவான். உங்கள் மகன் ஹாஃப்பேக் என்பது ஒரு வகையில் நல்லது. அந்த இடத்துக்கு வேண்டியது ஆட்டத்தைப் படிக்கும் கண், எப்போது உதைப்பது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு. அது ஆடி ஆடித்தான் வரும். அவன் எப்படி வருவான் என்று இப்போதே ஜோசியம் சொல்ல உங்கள் கொழுந்தனாலும் முடியாது, கணவராலும் முடியாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

மேட்ச் முடிந்து காரில் திரும்பும்போது ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அவன் எடுத்தால் கேளுங்கள். தோற்ற அன்று, பின் சீட்டில் மண்ணும் வியர்வையுமாக உட்கார்ந்திருக்கும் பையனிடம் “அந்தக் கடைசி கிக்கை ஏன் அப்படி அடித்தாய்?” என்று முன் சீட்டிலிருந்து கேட்கிற அப்பாக்களை எல்லா மைதானத்திலும் பார்க்கலாம். கோச் கேட்பார், அது அவர் வேலை. நீங்கள் பசிக்கிறதா என்று கேளுங்கள்.

அணியிலிருந்து நீக்கப்படும் நாள் வரும், தயாராக இருங்கள். ரூஸ்டர்ஸின் சாம் வாக்கர் 18 வயதில் ஃபர்ஸ்ட் கிரேடுக்கு வந்து கொண்டாடப்பட்டவர். 2023-ல் அதற்குக் கீழ்ப்படியான ரிசர்வ் கிரேடுக்கு இறக்கிவிட்டார்கள். அங்கே போய் ஆடினார், அதே ஆண்டு ஃபைனல்ஸில் திரும்ப வந்தார். அப்படி ஒரு வாரத்தில் சித்தப்பாவின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் “என்ன ஆச்சு?” என்று கேட்டால் அந்தப் பையன் எங்கே போவான்? அந்த வரியை நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான்.

மேனேஜர் வரட்டும், தப்பில்லை. முதலில் அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள், ஏஜென்டுகளுக்கு முறையான அங்கீகாரத் திட்டம் இருக்கிறது. பையனுக்கு 18 ஆகாததால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். தாளை வாங்கிவைத்து ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். “இன்றைக்கே முடிக்க வேண்டும்” என்று அவசரப்படுத்தினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தலையில் அடிபட்டால் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது. என்.ஆர்.எல்.லிலேயே கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி, ஆன வீரர் 11 நாள் ஆடக்கூடாது என்று 2023-ல் கொண்டுவந்தார்கள். வளரும் பையனுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். தலைவலி என்று அவன் சொல்லாமல் மறைப்பான், ஏனென்றால் அடுத்த வாரம் அவன் இடத்தில் இன்னொருவன் ஆடுவான். மறைக்காமல் உங்களிடம் வந்து சொல்லும் அளவுக்கு வீட்டில் பயமில்லாமல் இருக்கட்டும்.

உங்கள் கணவருக்கு ஒரு செய்தி. ஜார்ஜ் பெப்போனிஸ் என்று ஒருவர். கிரீஸில் பிறந்து, புலம்பெயர்ந்த குடும்பத்தில் சிட்னியில் வளர்ந்தார். கேன்டர்பரி அணியில் ஹூக்கர் என்ற இடத்தில் ஆடியவர், 1970-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கே கேப்டன். டாக்டரும்கூட. வேலை முடிந்து வந்து பயிற்சி எடுத்த காலம் அது. இன்று முழுநேரத் தொழிலாகிவிட்டதால் இரண்டையும் ஒன்றாக உச்சத்துக்குக் கொண்டுபோவது ரொம்பக் கடினம். ஆனால் 16, 17 வயதில் இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியும். இந்த இரண்டு வருடத்தில் எதையும் மூட வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பான எச்.எஸ்.சி.யை ஒழுங்காக முடிக்க வேண்டும் என்பதில் நானும் அவர் பக்கம்தான். அதற்காக மார்க் குறைந்தால் பூட்ஸைப் பிடுங்கிவைப்பேன் என்று மிரட்டினால் பையன் புத்தகத்தைத்தான் வெறுப்பான்.

ப்ரீ-சீசன் பயிற்சி தொடங்குவதற்கு முன் கிளப்புக்குப் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கேள்விகளை அவரே கேட்கட்டும். வெல்ஃபேர் பொறுப்பில் இருப்பவரைப் பார்த்து, வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, எத்தனை மணிக்கு முடியும், பள்ளிப் பரீட்சை வாரத்தில் விடுவார்களா, காயம்பட்டால் டாக்டர் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். ட்யூஷனை பயிற்சி இல்லாத நாட்களுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டும் இல்லாமல் அவனுக்கே விட்டுவிடுங்கள்.