ட்ரெய்லர் டயரையும் மாற்றிப் போட வேண்டுமா?

கேள்வி: என் முன்சக்கர இழுவைக் காருக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடுகிறேன். பின்னால் கட்டி இழுக்கும் இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) ட்ரெய்லருக்கும் அதே கணக்குதானா?

பதில்: காருக்குச் செய்வது சரி. இழுப்பது, திருப்புவது, பிரேக் வேலையில் பெரும்பங்கு என எல்லாமே முன் டயர்கள் தலையில் விழுவதால் அவைதான் முதலில் தேயும். முன் டயர்களை நேராகப் பின்னுக்கும், பின் டயர்களைப் பக்கம் மாற்றி முன்னுக்கும் கொண்டுவருவது வழக்கம். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றாதீர்கள்.

ட்ரெய்லர் கதை வேறு. அதன் டயர் இழுப்பதுமில்லை, திருப்புவதுமில்லை. பாரத்தைச் சுமந்துகொண்டு உருள்கிறது, அவ்வளவுதான். எனவே கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஒற்றை ஆக்சில் என்றால் மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இரண்டு ஆக்சிலில் ஒரு சிக்கல் உண்டு. குறுகலான இடத்தில் ட்ரெய்லரை வளைக்கும்போது ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, தள்ளி நின்று டயர்களைப் பாருங்கள். இரண்டு ஆக்சிலும் ஒரே வளைவில் போக முடியாது. முன் டயர் ஒரு பக்கமும் பின் டயர் மறுபக்கமுமாகத் தரையோடு முறுக்கிக்கொண்டு தேய்க்கப்படும். இந்தத் தேய்மானம் நான்கு டயர்களிலும் ஒரே மாதிரி இருக்காது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவு வந்தால் முன்னதைப் பின்னுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் கழற்றுவதற்கு முன் தேய்மானத்தைப் படியுங்கள். நடுவில் மட்டும் பட்டன் (தரையில் படும் பகுதியின் மேடு) குறைந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, அல்லது பாரம் அதிகம். ஒரே ஓரம் மட்டும் என்றால் ஆக்சில் வளைந்திருக்கலாம், அல்லது சக்கரம் நேராக நிற்கவில்லை. இதைச் சரிசெய்யாமல் இடம் மாற்றினால் நல்ல டயரும் அந்த இடத்தில் போய்க் கெடும். ஏற்கெனவே தேய்ந்தது வேறு இடத்தில் ஒளிந்துகொள்ளும். பணிமனைகளில் அடிக்கடி நடப்பது இதுதான்.

இன்னொன்று. ட்ரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதே அதிகம். மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் வண்டியில் பட்டன் புதிதுபோல இருக்கும், பக்கவாட்டில் மட்டும் மெல்லிய வெடிப்புகள் ஓடும். அங்கே அச்சாகியிருக்கும் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெடிப்பு விட்ட டயரை எங்கே மாற்றிப் போட்டாலும் பயனில்லை, புதிது வாங்குங்கள். ஸ்டெப்னிக்கும் அதே வயதுதான் ஆகியிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், காரோ ட்ரெய்லரோ, சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். ட்ரெய்லரில் நட்டு தளர்ந்தால் ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியாது.