ஆப்சல்யூட்டா, ரிலேட்டிவா? முதலில் ஊசியைத் துடையுங்கள்

இந்த முறை டிஜே வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டெக் மோடு பற்றியவை. டைம்கோட் என்பது தட்டில் பதிந்த ஒரு சிக்னல், ஊசி அதைப் படிக்கும், கணினி மென்பொருள் அதை வைத்துப் பாட்டை ஓட்டும். டெக் என்பது மென்பொருளில் ஒரு பாட்டு ஓடும் இடம். மோடு மூன்று: ஆப்சல்யூட்டில் ஊசி இருக்கும் இடமும் கணக்கு, ரிலேட்டிவில் தட்டின் நகர்வு மட்டும் கணக்கு, இன்டர்னலில் தட்டே கணக்கில் இல்லை. இதற்கு மேல் முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

டைம்கோட் தட்டு புதிதாக வாங்கியிருக்கிறேன். எந்த மோடில் தொடங்கலாம்?

ஆப்சல்யூட். ஊசியை எங்கே வைக்கிறீர்களோ பாட்டும் அங்கேயிருந்து ஒலிக்கும், நிஜ இசைத்தட்டு மாதிரியே. ஒரு மாதம் கை பழகட்டும், அப்புறம் ரிலேட்டிவ் பக்கம் போகலாம்.

செராட்டோ மென்பொருளில், ஆப்சல்யூட்டில் இருக்கும்போது க்யூ பாயின்ட்டை (பாட்டில் முன்பே குறித்துவைத்த இடம்) அழுத்தினால் தானாகவே ரிலேட்டிவுக்கு மாறிவிடுகிறது. மென்பொருளில் கோளாறா?

கோளாறு இல்லை. ஊசி தட்டில் 2 நிமிடம் தாண்டி நிற்கிறது, நீங்களோ 40வது வினாடிக்குப் போ என்கிறீர்கள். யார் பேச்சைக் கேட்பது? ஆப்சல்யூட்டில் ஊசி சொல்வதுதான் சட்டம், அதை மீறவேண்டும் என்றால் மோடு மாறித்தானே ஆகவேண்டும். லூப் (ஒரு துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டுவது) போட்டாலும் இதே கதைதான்.

பாட்டு பின்னோக்கி ஓடுகிறது. மூன்று மோடிலும் பார்த்துவிட்டேன்.

மூன்றிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். இன்டர்னலில் தட்டுக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது, அதில் எப்படிப் பின்னோக்கி ஓடும்? பார்த்ததை மட்டும் எழுதுங்கள். இடது, வலது ஒயர்கள் மாறியிருக்கின்றன. செராட்டோ தட்டில் பதிந்திருப்பது 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி, இரண்டு சேனலுக்கும் நடுவே கால் அலை இடைவெளி. எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் தட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மென்பொருள் கண்டுபிடிக்கிறது. இரண்டையும் மாற்றிச் செருகினால் திசையும் மாறும். பின்னால் உள்ள ஒயர் சரியாக இருந்தால், கார்ட்ரிட்ஜை (ஊசி பொருந்தியிருக்கும் பகுதி) மாட்டும்போது அந்த நான்கு குட்டி ஒயர்களில் குழப்பிவிட்டீர்களா என்று பாருங்கள்.

ஆப்சல்யூட்டில் பாட்டு அடிக்கடி தாவுகிறது. ரிலேட்டிவுக்கு மாற்றச் சொன்னார் நண்பர். மாற்றினேன், சரியாகிவிட்டது. இப்படியே விட்டுவிடலாமா?

விடக்கூடாது. மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது, மாதம் தவறாமல் யாரோ ஒரு நண்பர் இதே அறிவுரையைச் சொல்லிவைக்கிறார். எனக்கு அந்த நண்பர்கள் மேல்தான் கோபம்.

ரிலேட்டிவில் மென்பொருள் கவனிப்பது தட்டு எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை மட்டும். ஊசி தட்டின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. அதனால் ஊசி பள்ளம் தாண்டிக் குதித்தாலும் பாட்டு இருந்த இடத்திலேயே ஓடும். உங்கள் ஊசி இன்னும் குதித்துக்கொண்டுதான் இருக்கிறது, உங்கள் காதுக்கு அது வரவில்லை, அவ்வளவுதான். நானும் ஒரு காலத்தில் இதைச் செய்தவன். ஒரு நிகழ்ச்சியில் பேஸ் பெட்டியை டர்ன்டேபிள் மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள், பாட்டு தாவியது, சட்டென்று ரிலேட்டிவுக்கு மாற்றிவிட்டு பெரிய சாமர்த்தியசாலி மாதிரி நின்றேன். அரை மணி நேரம் கழித்து ஒலியை ஏற்றினார்கள், சிக்னலே உடைந்துபோய் பாட்டு திக்கித் திணற ஆரம்பித்தது, கடைசியில் இன்டர்னலுக்கு ஓடி ஒளிந்துகொண்டு மீதி நேரம் தட்டைச் சும்மா தடவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஊசி நுனியில் பஞ்சு மாதிரி ஒரு உருண்டை அழுக்கு!

ஆகவே ஊசியைத் துடையுங்கள், பின்னாலிருந்து முன்னால், மென்மையான பிரஷால். ஊசி எடை கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கிறதா பாருங்கள், தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஸ்க்ராட்ச் செய்பவர்கள் அந்த வரம்பின் மேல்பக்கம் வைப்பார்கள். எர்த் ஒயர் மாட்டியிருக்கிறதா? மேசை ஆடுகிறதா? தட்டு தேய்ந்து சாம்பல் பூத்திருக்கிறதா? அப்புறம் மென்பொருளில் சிக்னலைப் படமாகக் காட்டும் ஸ்கோப்பைத் திறங்கள். வட்டம் மெல்லியதாக, உருண்டையாக இருக்கவேண்டும், பக்கத்தில் காட்டும் சதவீதம் 85க்குக் கீழே இறங்கக்கூடாது. நீள்வட்டம் என்றால் ஒரு சேனல் பலவீனம், வெறும் கோடு என்றால் ஒரு சேனல் செத்துவிட்டது. இரைச்சல் அளவை (எதற்குக் கீழே வருவதை மென்பொருள் சிக்னலாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்ற வரம்பு) அமைக்கும்போது மோட்டாரை நிறுத்தி, நின்ற தட்டின் மேல் ஊசியை வைத்து, நிகழ்ச்சியில் வைக்கப்போகும் ஒலி அளவிலேயே வேறு பாட்டை ஓடவிட்டு அமைக்கவேண்டும். வீட்டில் அமைதியான அறையில் அமைத்துவிட்டுப் போனால் அங்கே உதவாது.

இதெல்லாம் முடிந்தபின் ஆப்சல்யூட்டிலேயே 10 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஆப்சல்யூட் பொய் சொல்லாது, அதனால்தான் சோதனைக்கு அது வேண்டும். தாவாமல் ஓடினால் தாராளமாக ரிலேட்டிவுக்குப் போங்கள். க்யூ, லூப், ஸ்க்ராட்ச் எல்லாவற்றுக்கும் அதுதான் வசதி, நானும் பெரும்பாலும் அதில்தான் வாசிக்கிறேன்.

ஒலி வரவில்லை. அவசரம். உதவவும்.

எந்த மென்பொருள்? எந்த மோடு? தட்டா, சிடியா? ஸ்கோப்பில் என்ன தெரிகிறது? உங்கள் கேள்வியில் அவசரம் என்ற ஒரு தகவல்தான் இருக்கிறது. டர்ன்டேபிள் என்றால் அதன் ஒயர் செருகிய உள்ளீடு ஃபோனோவில், சிடி பிளேயர் என்றால் லைனில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

ரிலேட்டிவில் ஸ்க்ராட்ச் செய்யச் செய்ய, பாட்டின் இடத்தைக் காட்டத் தட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் இடம் மாறிக்கொண்டே போகிறது.

ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில்தான் இருக்கிறது, கணக்குதான் பிசகுகிறது. 33 வேகத்தில் (நிமிடத்துக்கு 33.3 சுற்று) ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி, அதாவது சுமார் 1800 அலைகள். வேகமாக இழுக்கும்போது அதில் சில நூறு அலைகளை மென்பொருள் தவறவிட்டால் ஸ்டிக்கர் மணி 12லிருந்து 2க்குப் போய்விடும். கொஞ்சம் நகர்வது சகஜம். நிறைய நகர்ந்தால் என்ன செய்யவேண்டும்? ஆமாம், ஊசியைத் துடையுங்கள், ஸ்கோப்பைப் பாருங்கள்.

வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடர் நடுவில்தான் இருக்கிறது, திரையில் +35 சதவீதம் காட்டுகிறது.

45 பட்டன் அழுத்தியிருக்கிறது. 45ஐ 33.3ஆல் வகுத்துப் பாருங்கள்.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே டைம்கோட் தட்டு முடிந்துவிட்டால்?

செராட்டோ தட்டில் ஒரு பக்கம் 10 நிமிடம், மறுபக்கம் 15. முடிந்தால் அதுவே இன்டர்னலுக்கு மாறிப் பாட்டைக் காப்பாற்றும். ஊசியைத் தூக்கி ஆரம்பத்தில் வைத்து ரிலேட்டிவை அழுத்துங்கள். பதற்றத்தில் ஆப்சல்யூட்டை அழுத்தினால் ஊசியோடு சேர்ந்து பாட்டும் ஆரம்பத்துக்கே போய்விடும், கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

மூன்று எக்ஸ் போட்டு எழுதும் அந்த இலவச மிக்ஸ் (Mixxx) மென்பொருளில் கான்ஸ்டன்ட் என்று ஒரு மோடு இருக்கிறதே, அது எதற்கு?

கடைசியாகக் கிடைத்த நிலையான வேகத்தைப் பிடித்துக்கொண்டு, ஊசி என்ன செய்தாலும் அதே வேகத்தில் ஓட்டும். நடுவில் கார்ட்ரிட்ஜ் மாற்றவேண்டும் என்றால் கைகொடுக்கும்.

இன்டர்னலிலேயே முழு நிகழ்ச்சியையும் வாசிப்பது ஏமாற்று வேலையா?

இல்லை. டர்ன்டேபிளே இல்லாமல் எத்தனையோ பேர் நன்றாக வாசிக்கிறார்கள். இன்டர்னலில் போட்டுவிட்டு ஸ்க்ராட்ச் செய்வது போல் தட்டைத் தடவுவதுதான் ஏமாற்று. அதையும் நான் ஒரு முறை செய்தேன், மேலே படித்தீர்களே.