ஏடி அண்ட் டி பிளேனோவுக்கு வருகிறது: வீடு, வரி, பள்ளி பற்றிக் கேள்வி பதில்

தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி தன் தலைமையகத்தை டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் டவுன்டவுனிலிருந்து, வடக்கே பிளேனோ நகரின் லெகசி வணிகப் பகுதிக்கு மாற்றுவதாக 2026 ஜனவரியில் அறிவித்தது. 2028-லிருந்து ஆட்கள் வரத் தொடங்குவார்களாம். அன்றிலிருந்து நம்மவர்கள் கூடும் இடத்திலெல்லாம் இதே பேச்சுதான். சொத்து வரி மதிப்பீட்டை எதிர்த்து முறையிட்டுக் கொடுப்பது என் தொழில். பிளேனோ இருக்கும் காலின் கவுண்டியில் வீடு, வரி, பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தத் தனியாக வரி வாங்கும் அமைப்பு) பற்றிக் கேளுங்கள். விசா, வட்டி விகிதம், பங்குச் சந்தை எல்லாம் என் கடையில் கிடையாது.

அண்ணா, லெகசி பக்கத்துல இப்பவே ஒரு வீடு வாங்கிப் போட்டா 2028-ல விலை டபுள் ஆகுமா?

ஜோசியம் எனக்குத் தெரியாது தம்பி. ஆகும் என்று உங்களிடம் சொன்னவருக்கும் தெரியாது. ஒன்றை மட்டும் யோசியுங்கள். டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை 2014-ல் அறிவித்து 2017-ல் இங்கே திறந்தபோது கலிஃபோர்னியா டாரன்ஸிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்குக் குடியிருக்க வீடு வேண்டியிருந்தது. இப்போது வரப்போகிறவர்களில் பலர் ஏற்கெனவே பக்கத்து ஊர்களான ஃபிரிஸ்கோவிலும் ஆலனிலும் ரிச்சர்ட்சனிலும் குடியிருக்கிறார்கள். ஆபீஸ் 20 மைல் வடக்கே வருவதால் அவர்களுக்கு டிரைவ் குறையும். அதற்காக அவர்கள் புதிதாக வீடு தேட வேண்டியதில்லை. கம்பெனி வருகிற செய்தியை நம்பி வீடு வாங்காதீர்கள்.

வெஸ்ட் பிளேனோவுல ஒரு வீடு பார்த்திருக்கோம். ஓனர் கட்டற வரி ரொம்பக் கம்மியா இருக்கு. ஏஜென்ட் அதையே வச்சு மாசத் தவணை கணக்குப் போட்டுக் கொடுத்தார். சரியா அண்ணா?

தப்பு. இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், எல்லோரும் படியுங்கள்.

கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்கள் இருக்கும். மேலே சந்தை மதிப்பு. உதாரணத்துக்கு 6,50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே வரி போடும் மதிப்பு 4,90,000 என்று இருக்கலாம். ஏன் இந்த வித்தியாசம்? சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் சலுகை வாங்கியிருந்தால், சந்தை எவ்வளவு எகிறினாலும் வரி மதிப்பை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. பத்துப் பதினைந்து வருடமாக இருப்பவருக்கு அந்த வரம்பு சேர்ந்து சேர்ந்து பெரிய இடைவெளி விழுந்திருக்கும். நீங்கள் வாங்கியதும் அது போய்விடும். மறு ஜனவரி 1-ல் மீட்டர் மறுபடி சந்தை மதிப்பிலிருந்து ஓடும். உங்களுக்கான 10 சதவீத வரம்பு, ஹோம்ஸ்டெட் கிடைத்த முதல் ஆண்டு முடிந்த பிறகுதான் தொடங்கும்.

ஓனருக்கு 65 வயது தாண்டியிருந்தால் இன்னொன்றும் உண்டு. அவருடைய பள்ளி வரி அந்த வயதில் இருந்த தொகைக்கு மேல் ஏறாமல் உறைந்து நிற்கும். அந்த பில்லை உங்கள் பில்லாக நினைத்து எஸ்க்ரோ (வரிக்காக வங்கி மாதத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் பணம்) கணக்குப் போட்டால், இரண்டாம் வருடம் வங்கியிலிருந்து பற்றாக்குறை என்று கடிதம் வரும்போது தூக்கிவாரிப் போடும். எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கடிதம் பற்றித்தான். சந்தை மதிப்பை எடுங்கள், பள்ளி வரிக்கு மட்டும் ஹோம்ஸ்டெட் தரும் 1,40,000 டாலர் விலக்கைக் கழியுங்கள், பிறகு வரி விகிதத்தால் பெருக்குங்கள்.

வாங்கி வாடகைக்கு விட்டால்?

நீங்கள் குடியிருக்காத வீட்டுக்கு அந்த 1,40,000 விலக்கும் இல்லை, 10 சதவீத வரம்பும் இல்லை. வாடகை கட்டுபடியாகுமா என்று நீங்களே பாருங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கேன், கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு இன்னும்...

வக்கீலிடம் போங்கம்மா.

டொயோட்டாவுக்கு 4 கோடி டாலர் கொடுத்தாங்களே, அது நம்ம பணம்தானே? இப்பவும் அப்படித்தானா?

அந்த 4 கோடி மாநிலத்தின் டெக்சஸ் என்டர்பிரைஸ் நிதியிலிருந்து போனது. நகரம் தனியாகச் சலுகை கொடுத்தது. ஃபிரிஸ்கோவும் ஆலனும் மெக்கின்னியும் விற்பனை வரியிலேயே ஒரு பங்கைத் தொழில் ஈர்ப்புக்கென்று ஒதுக்கி வைத்திருக்கின்றன. பிளேனோவால் அது முடியாது, விற்பனை வரியில் டாலருக்கு ஒரு சென்ட் வரும் அந்தப் பங்கு, டாலஸ் வட்டார ரயிலும் பஸ்ஸும் நடத்தும் டார்ட் அமைப்புக்குப் போகிறது. அதனால் பிளேனோவில் கம்பெனிக்குக் கொடுப்பது சொத்து வரிப் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். வீட்டுக்காரர்கள் நகர மன்றத்தில் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் இந்த வகை வரித் தள்ளுபடியை நகரமும் கவுண்டியும்தான் தரலாம், பள்ளி மாவட்டம் தர முடியாது. உங்கள் பில்லில் பெரிய பங்கு பள்ளி வரிதான்.

அப்படின்னா பள்ளிக்கு நல்ல காசு வரணுமே? ஏன் மூடறாங்க?

நல்ல கேள்வி. 2024 ஜூனில் பிளேனோ பள்ளி மாவட்டம் இரண்டு தொடக்கப் பள்ளி, இரண்டு நடுநிலைப் பள்ளி என நான்கை மூட முடிவு செய்தது. டொயோட்டா, லிபர்ட்டி மியூச்சுவல், ஜேபி மார்கன் எல்லாம் வந்த பிறகு நடந்தது இது. மாநிலம் பள்ளிக்கான தொகையைக் குழந்தைகளின் தலையை எண்ணித்தான் கணக்கிடுகிறது. ஊரில் சொத்து மதிப்பு ஏறி, தலைகள் குறைந்தால் உபரி மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்குப் போய்விடும். ராபின் ஹூட் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதுதான். பிளேனோ இதில் பல கோடி டாலர் கட்டுகிறது. கண்ணாடிக் கட்டடம் எழும்பினால் மதிப்பு ஏறும், குழந்தை ஏறாது. சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இங்கே விலை கட்டுபடியாகவில்லை. செலினா, பிரின்ஸ்டன், அன்னா போன்ற ஊர்களுக்கு வடக்கே போய்விட்டார்கள். ஃபிரிஸ்கோவே ஒரு நடுநிலைப் பள்ளியை மூடியிருக்கிறது.

டாலஸிலிருந்து ஒருவர்: நீங்க எல்லாரும் வீட்டு விலையையே பேசறீங்க. டவுன்டவுன்ல கடை வச்சிருக்கவன் கதி? ஒரே வட்டாரத்துக்குள்ள இங்கேருந்து அங்கே தூக்கி வைக்கிறதுக்குப் பேர் வளர்ச்சியா?

பிளேனோவிலிருந்து ஒருவர்: 2008-ல இதே கம்பெனியை சான் அன்டோனியோகிட்டேருந்து டாலஸ் தூக்கினப்ப இனிச்சுதா?

இரண்டு பேரும் சொல்வது நிஜம். ஆனால் டவுன்டவுன் ஆபீஸில் துப்புரவு வேலையிலும் கேன்டீனிலும் இருப்பவர்கள் பலர் ரயிலில் வருகிறவர்கள். லெகசிக்கு ரயில் கிடையாது. ரெட் லைன் பார்க்கர் ரோட்டோடு நின்றுவிடும். 2025 அக்டோபரில் திறந்த சில்வர் லைனும் பிளேனோவின் கிழக்குப் பக்கமே போகிறது. கார் இல்லாதவருக்கு அந்த வேலை போனது போனதுதான். டாலஸ்காரர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

பிளேனோக்காரர்: அபார்ட்மென்ட் கட்டி டிராஃபிக்கை நாசம் பண்ணாம இருந்தா சரி.

வந்துவிட்டதா! கம்பெனி வேண்டும், அதில் வேலை செய்கிறவர் பக்கத்தில் குடியிருக்கக் கூடாது. அபார்ட்மென்ட்களுக்கும் இடம் கொடுத்து 2015-ல் நகரம் கொண்டுவந்த 'பிளேனோ டுமாரோ' என்ற நகர வளர்ச்சித் திட்டத்தை எதிர்த்துக் கையெழுத்து வாங்கி, கோர்ட்டுக்குப் போய், 2020-ல் ரத்து செய்ய வைத்தது இந்தச் சண்டைதான்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஏடி அண்ட் டி போகப்போகிற அந்த இடம் பழைய இடிஎஸ் வளாகம். தொழிலதிபர் ராஸ் பெரோ ஆரம்பித்த கணினிச் சேவைக் கம்பெனி அது. லெகசியையே உருவாக்கியவர்கள் அவர்கள்தான். 2008-ல் அந்தக் கம்பெனியை ஹெச்பி வாங்கியது, பிறகு வளாகம் வருடக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தது. நியூயார்க்கை விட்டு 1980-களில் இங்கே வந்த பல்பொருள் கடை நிறுவனம் ஜேசி பென்னி 2020-ல் திவால் மனு போட்டது. உங்கள் வீட்டுக் கடனோ 30 வருடம்.

அண்ணா சாரி, லேட்டா வந்தேன். 2028-க்குள்ள விலை ஏறுமா?

முதல் பதில்.

ப்ராஸ்பர்ல வாங்கினா ஏறுமா?

முதல் பதில், ஊர் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

25 வருஷப் பழைய வீடு, ஹால்ல டைல்ஸ் கோடு விட்டிருக்கு. ஏஜென்ட் பரவாயில்லங்கறார்.

இங்கே களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நீங்களே அழைத்துப் பாருங்கள், ஏஜென்ட் அனுப்பும் ஆளை அல்ல.

கம்பெனி வருதுன்னு கவுண்டி என் மதிப்பை ஏத்திட்டாங்க போல. நோட்டீஸ் வந்திருக்கு. என்ன பண்றது?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். முறையிட மே 15 கடைசி. நோட்டீஸ் தாமதமாக வந்திருந்தால் அனுப்பிய தேதியிலிருந்து 30 நாள். மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படிதான் இருக்க வேண்டும், 2028-ல் வரப்போகிற கம்பெனிக்காக அல்ல. உங்கள் தெருவில் போன வருடக் கடைசியில் விற்ற மூன்று நான்கு வீடுகளின் விலையும், உங்கள் கூரை, ஃபவுண்டேஷன் ரிப்பேருக்கு வாங்கிய எஸ்டிமேட்டும் எடுத்து வையுங்கள். இணையத்திலேயே மனுப் போடலாம், கட்டணம் இல்லை. மதிப்பீட்டு அலுவலகம் வைத்திருக்கும் ஆதாரத்தையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் விசாரணைக்கு 14 நாள் முன்பே கொடுத்தாக வேண்டும்.