வாசகர் கேள்வி – பதில்: இலையைப் பார்த்துப் பரிமாறுங்கள்

(சென்னை ஓட்டல்களில் சப்ளையராகவும் பின்னர் சூப்பர்வைசராகவும் இருந்து ஓய்வு பெற்றவர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: தி.நகரில் ஒரு பெரிய சைவ ஓட்டலுக்கு என் அப்பாவை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துச் சென்றேன். சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாமே நன்றாக இருந்தன. ஆனால் ரசத்துக்கு மூன்று முறை குரல் கொடுக்க வேண்டியிருந்தது. மோர் சாதத்தில் கை வைத்திருக்கும்போதே பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். "இனி இந்த இடம் வேண்டாம்" என்றார் அப்பா. ருசியில் குறை இல்லாமலும் ஏன் மனம் நிறையவில்லை?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: ருசியிலும் குறை இருந்திருக்கிறது, அம்மா. அடுப்பில் சரியாக இருந்தது இலைக்கு வரும் வழியில் கெட்டிருக்கிறது. மூன்றாவது முறை கேட்டு ரசம் வரும்போது சாதம் ஆறியிருக்கும். ஆறிய சாதத்தில் விட்ட ரசத்துக்கு மிளகும் சீரகமும் எவ்வளவு போட்டும் பயனில்லை. தோசை இன்னும் மோசம். கல்லிலிருந்து எடுத்த முறுகல் தோசை தட்டில் விழுந்ததும் தன் ஆவியிலேயே வேர்த்து அடிப்பக்கம் துவளத் தொடங்கும். மாஸ்டர் குரல் கொடுத்தும் எடுக்க ஆள் வரவில்லை என்றால், அவர் வார்த்த தோசை வேறு, நீங்கள் சாப்பிடும் தோசை வேறு. அதனால்தான் பரிமாறுவதும் சமையலில் சேர்த்தி என்று நான் சொல்லி வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த சப்ளையர், வாளியோடு வரிசையில் வரும்போது இலைகளை மட்டுமே பார்ப்பார். சாதத்தில் குழி பறித்திருந்தால் குழம்புக்குக் காத்திருக்கிறார் என்று பொருள். கொஞ்சம் சாதத்தை ஓரமாக ஒதுக்கியிருந்தால் அது ரசத்துக்கு. அப்பளம் தீர்ந்து சாதம் மிச்சமிருந்தால், கேட்காமலே இன்னொரு அப்பளம் வந்து விழும். பெரியவர் ஒருவர் சாதத்தை விரலால் நசுக்கி நசுக்கிச் சாப்பிடுவதைக் கண்டால், மறுசாதம் வைக்கும்போது குழைந்த பக்கமாகப் பார்த்து எடுத்து வைப்பார். அந்தப் பெரியவருக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த வாரமும் வந்து அதே மேஜையில் உட்காருவார். உங்கள் அப்பாவுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

ஆனால் அந்தச் சப்ளையர் மேல் கோபப்படாதீர்கள். நான்கைந்து மேஜைகளைக் கவனிப்பவருக்கு இலை கண்ணில் படும். மதியக் கூட்டத்தில் ஒரே ஆள் தலையில் பத்து மேஜைகளைக் கட்டினால், கையை உயர்த்தியவரைத் தவிர வேறு யாரும் கண்ணில் பட மாட்டார்கள். பில்லை முன்கூட்டியே வைத்ததும் அவர் இஷ்டத்தில் நடந்திருக்காது. வாசலில் காத்திருப்பவர்களைப் பார்த்துச் சூப்பர்வைசர் கண்ஜாடை காட்டுவார். சூப்பர்வைசரைக் கல்லாவிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் எண்ணிக்கையைக் குறைத்து லாபம் பார்க்கும் முதலாளியிடம்தான் உங்கள் கேள்வி போக வேண்டும்.

கதீட்ரல் சாலையில் 2008 வரை நடந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் பலருக்கும் நினைவிருக்கும். இன்று அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. ஒரு காபியை வைத்துக்கொண்டு அங்கே மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கச் சாம்பார் ஊற்றுவார்கள். தட்டு வற்றினால் திரும்பவும் ஊற்றுவார்கள். அந்தக் கடைக்குப் பெயர் வாங்கித் தந்ததில் சாம்பாருக்கு எவ்வளவு பங்கோ, அதைத் தாராளமாக ஊற்றும் கைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

கேள்வி: சப்ளையரைச் சொடுக்குப் போட்டு அழைக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: கூடாது. "அண்ணா", "தம்பி" என்று அழையுங்கள். திரும்பிப் பார்க்கவில்லை என்றால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா நகரில் ஓர் உணவகத்தில் பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். ஊழியர்களுக்குப் போகிறது என்றார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: வேண்டியதில்லை. சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. உணவக உரிமையாளர் சங்கங்கள் மேல்முறையீடு செய்திருக்கின்றன. முதலில் அந்தத் தொகையை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். ஜிஎஸ்டி வேறு விஷயம். சாதாரண உணவகங்களில் 5 சதவீதம், இரண்டரை இரண்டரையாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்டணத்தை நீக்கிய கையோடு, நன்றாகக் கவனித்தவர் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். கைப்பேசியில் பணம் செலுத்தும் பழக்கம் வந்தபிறகு பில் புத்தகத்தில் மீதிச் சில்லறை வைப்பது அருகிப் போய்விட்டது. சம்பளத்தோடு அந்தச் சில்லறையையும் நம்பி ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. மேஜையில் வைக்காமல் கையில் கொடுங்கள்.

கேள்வி: இப்போது பல ஓட்டல்களில் தமிழ் தெரியாத வடமாநிலப் பையன்கள் பரிமாறுகிறார்கள். வெங்காயம் இல்லாமல் ஊத்தப்பம் கேட்டால் வெங்காய ஊத்தப்பம் வருகிறது. இதை எப்படிச் சகித்துக்கொள்வது?
– வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் எரிச்சல் நியாயம்தான். அந்தப் பையன் மேல் மட்டும் அதைக் காட்ட வேண்டாம். 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ் உடுப்பிப் பக்கத்துக்காரர். இந்த நகரத்தின் பல சைவ ஓட்டல்களில் பரிமாறியவர்களும் துளுவும் கன்னடமும் பேசிக்கொண்டு வந்து, இங்கே தமிழ் கற்றவர்கள்தாம். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க மூத்தவர்கள் இருந்தார்கள். இன்று ரயிலிலிருந்து இறங்கியவனை மறுநாளே ஹாலில் நிறுத்திவிடுகிறார்கள். 'வேண்டாம்', 'போதும்', 'காரம்', 'சூடாக', 'சர்க்கரை இல்லாமல்' என்று நாற்பது ஐம்பது சொற்கள் போதும்; ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் அவன் தேறிவிடுவான். அந்த ஒரு வாரச் சம்பளத்தைச் செலவாக நினைப்பவர்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: ஆர்டர் சொன்னதும் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். தயங்கினால் மெனு அட்டையில் விரல் வைத்துக் காட்டுங்கள். ஒவ்வாமை காரணமாக ஒரு பொருளைத் தவிர்ப்பவர் என்றால் சூப்பர்வைசரை மேஜைக்கு வரவழைத்து அவரிடமே சொல்லுங்கள். சமையல்கட்டுக்குப் போய்ச் சொல்வது அவருடைய வேலை.