1,80,000 பக்கங்களில் 6,000தான் இண்டெக்ஸ் ஆகியிருக்கிறது. பணம் கொடுத்தால் ஏறுமா?

கேள்வி: இயந்திர உதிரிபாகங்களுக்கான இணையதளம் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. மொத்தம் 1,80,000 பக்கங்கள். சைட்மேப் (தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியல்) கொடுத்துவிட்டோம். கூகுளில் இண்டெக்ஸ் ஆனது, அதாவது அதன் தேடல் பட்டியலில் சேர்ந்தது, 6,000 பக்கம்தான். பத்தே நாளில் எல்லாவற்றையும் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். முன்பணமும் சர்ச் கன்சோலில் (தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் கருவி) உரிமையாளர் அனுமதியும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரு தளத்துக்கு அடிக்கடி வருவதில்லை, தரவரிசையில் உயர்த்துவதும் இல்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. கூகுளே விற்காத பொருளை நடுவில் இருப்பவர் எங்கிருந்து எடுத்து விற்பார்?

இந்த ஆட்கள் என்ன செய்வார்கள் என்று சொல்கிறேன். சிலர் சைட்மேப்பை 'பிங்' (ping) செய்வதாக, அதாவது அது மாறிவிட்டது என்று கூகுளுக்குத் தகவல் தட்டுவதாகச் சொல்வார்கள். அந்த வழியைக் கூகுள் 2023-லேயே மூடுவதாக அறிவித்துவிட்டது. சிலர் குப்பைத் தளங்களிலிருந்து உங்கள் பக்கங்களுக்கு ஆயிரக்கணக்கில் இணைப்பு போடுவார்கள். பெரும்பாலானவர்கள் கையில் எடுப்பது இண்டெக்ஸிங் ஏபிஐ: ஒரு பக்கம் புதிதாக வந்தது, மாறியது என்று மென்பொருள் வழியாகக் கூகுளுக்கு நேரடியாகச் சொல்லும் வழி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று நடப்பதே இங்கேதான்.

இந்த ஏபிஐ உண்மையானது, கூகுளுடையதுதான். ஆனால் இரண்டே வகைப் பக்கங்களுக்காக வைத்திருக்கிறார்கள்: வேலைவாய்ப்பு அறிவிப்பு, நேரலை ஒளிபரப்பு வீடியோ. இரண்டும் சீக்கிரம் காலாவதியாகிவிடும் என்பதால் இந்த விலக்கு. வேலைவாய்ப்பு என்றாலும் ஒரு பக்கத்தில் ஒரு வேலை இருக்க வேண்டும். பத்து வேலைகளைப் பட்டியலிடும் பக்கம் இதில் சேராது. வேலை நிரம்பிவிட்டால் பக்கத்தை எடுத்துவிட வேண்டும், அல்லது காலாவதியானதாகக் குறிக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் ஆள் எடுப்பதற்கென்று தனிப் பக்கங்கள் இருந்தால் அவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு போல்ட்டை விற்கும் பக்கத்துக்கு 'வேலைவாய்ப்பு' முத்திரை குத்தி அனுப்பினால் அது பித்தலாட்டம், மாட்டிக்கொள்வது உங்கள் தளம். இன்னொன்று: இதில் வழக்கமாகக் கிடைக்கும் அளவு ஒரு நாளைக்கு 200 கோரிக்கை. உங்கள் 1,80,000 பக்கங்களுக்கு 900 நாள் ஆகும். பத்து நாள் என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் பிரச்சினைக்கு வருவோம். சர்ச் கன்சோலில் பக்க இண்டெக்ஸ் அறிக்கையைத் திறந்தால் இரண்டு காரணங்கள் பெரிதாகத் தெரியும். 'டிஸ்கவர்ட்' என்று தொடங்குவது ஒன்று: முகவரி தெரியும், இன்னும் வந்து பார்க்கவில்லை. 'கிரால்ட்' என்று தொடங்குவது இன்னொன்று: வந்தது, பார்த்தது, எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டது. எண்ணிக்கை எதில் அதிகம் என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலாவது அதிகம் என்றால் வழி சரியில்லை என்று அர்த்தம். உதிரிபாகத் தளங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன்: முகப்பில் பெரிய தேடல் பெட்டி இருக்கும், பாகத்தின் எண்ணைத் தட்டினால்தான் பக்கம் வரும். தளங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பெட்டியில் எண் தட்டாது. 'மேலும் காட்டு' பொத்தானையும் அழுத்தாது. அதற்குத் தெரிந்தது சாதாரண இணைப்பு மட்டும். முகப்பிலிருந்து வகை, வகையிலிருந்து உட்பிரிவு, அங்கிருந்து பாகம் என்று இணைப்பாலேயே நடந்து போக முடிய வேண்டும். சைட்மேப்பில் மட்டும் இருந்து, தளத்துக்குள் எங்கிருந்தும் இணைப்பு இல்லாத பக்கத்தை, உரிமையாளரே மதிக்காத பக்கம் என்றுதான் தேடுபொறி எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் வடிகட்டிகள். ஒருமுறை ஒரு தளத்தின் சர்வர் லாக்கை (யார் எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்ற பதிவு) உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். கூகுள்பாட் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வந்த வரிகளில் முக்கால்வாசி ஒரே பட்டியலின் வேறு வேறு முகங்கள்: விலை ஏறுவரிசை, விலை இறங்குவரிசை, துருப்பிடிக்காத எஃகு மட்டும், அதிலேயே மறுபடி விலை வரிசை. பாகங்களின் பக்கங்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. அப்படிப்பட்ட முகவரிகளை ரோபாட்ஸ் கோப்பில் (எங்கே வரக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் robots.txt) அடைத்துவிடுங்கள். உங்கள் டெவலப்பரிடம் கடந்த ஒரு வார லாக்கைக் கேட்டு வாங்குங்கள். அரை மணி நேரம் படித்தாலே விஷயம் புரிந்துவிடும்.

இரண்டாவது அதிகம் என்றால் பக்கத்தில் சரக்கு இல்லை. நீங்களே இரண்டு பக்கங்களை அருகருகே திறந்து பாருங்கள். 8 மி.மீ. போல்ட், நீளம் 40. 8 மி.மீ. போல்ட், நீளம் 45. ஒரே படம், ஒரே இரண்டு வரி விளக்கம், ஒரே அனுப்பும் விதிமுறை. மாறியது ஓர் எண் மட்டும். இதை எதற்கு இரண்டு முறை சேமித்து வைக்க வேண்டும்? எல்லா நீளங்களையும் ஒரே பக்கத்தில் அட்டவணையாகப் போடுங்கள், பழைய முகவரிகளை அங்கே திருப்பிவிடுங்கள். 1,80,000 பக்கம் 30,000 ஆகச் சுருங்கினால் வருத்தப்படாதீர்கள். விளக்கத்தை மென்பொருளை வைத்து மொத்தமாக எழுதி நிரப்பவும் வேண்டாம். தேடலில் இடம் பிடிப்பதற்காகப் பயனில்லாத பக்கங்களை மொத்தமாக உருவாக்குவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது.

சைட்மேப்பையும் பிரித்துக் கொடுங்கள். ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை போடலாம் என்பது விதி. ஆனால் வகைக்கு ஒரு கோப்பு என்று வைத்தால், அறிக்கையை ஒவ்வொரு சைட்மேப்பாக வடிகட்டி, எந்த வகை ஏறுகிறது, எது தேங்குகிறது என்று பார்க்கலாம்.

இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. லட்சக்கணக்கான பக்கங்களை ஒதுக்கிவிட்டு, மாதிரிக்கு 1,000 முகவரிகளை மட்டும்தான் அந்த அறிக்கை காட்டும். ஏன் ஒதுக்கினோம் என்று பக்கத்துக்கு ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்? தளத்தை உழைத்துக் கட்டியவருக்கு அந்த ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. இந்த மௌனத்தை வைத்துத்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

மைக்ரோசாஃப்டின் பிங் (Bing) போன்ற பிற தேடுபொறிகளுக்குப் பக்க மாற்றங்களைத் தெரிவிக்க இண்டெக்ஸ்நவ் என்ற இலவச வழி 2021 முதல் இருக்கிறது. அதைப் பொருத்திக்கொள்ளுங்கள். கூகுள் அதில் சேரவில்லை.

ஒருவேளை அந்த ஆளுக்கு ஏற்கெனவே உரிமையாளர் அனுமதி கொடுத்திருந்தால், இன்றே அமைப்புகளில் பயனர் பட்டியலைத் திறந்து நீக்குங்கள். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. தளத்தில் அவர் போட்டுவைத்த சரிபார்ப்புக் கோப்பு, முகப்புப் பக்கத்தில் சேர்த்த சரிபார்ப்பு வரி, டொமைன் பதிவில் இட்ட குறியீடு என எது இருந்தாலும் அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அது அங்கேயே கிடந்தால் அவர் மறுபடியும் உரிமையாளராக உள்ளே வந்துவிட முடியும்.